பெருக்காத மூலை

அருணாசலத்தைப் பிரதக்ஷிணம் செய்கிற 14 கிலோமீட்டர் பாதையில், மலையின் மேற்குப் புறத்தே, ஆதி அருணாசலேசுவரர் கோயிலைச் சுற்றி அமைந்த அடி அண்ணாமலையில் விடியற்காலையில் முதலில் காதில் விழுவது விளக்குமாற்றின் சத்தந்தான். அது வாசலோடு நின்றுவிட்டால் ஒரு குறையும் இல்லை. கொல்லைக்கும் போய், வேப்பஞ் சருகையெல்லாம் கூட்டிக் குவித்து நெருப்பு வைத்து, மண் பளிச்சென்று தெரியும்வரை ஓய்வதில்லை என்பதில்தான், ஓணானும் தேரையும் நம் வீட்டை விட்டுக் குடிபெயர்ந்த கதை தொடங்குகிறது.

சருகைக் குப்பையென்று எண்ணுவது பிழை. அதன் அடியில் ஈரம் நிற்கும். ஈரத்தில் மண்புழுவும் வண்டும் வாசம் செய்யும். அவற்றைத் தேடித் தவிட்டுக் குருவிகள் ஏழெட்டாய்க் கூடி வந்து, பங்காளிச் சண்டைபோலக் கூச்சலிட்டுக்கொண்டு இலைகளைப் புரட்டும். புஷ்பத்தின் தேனைக் குடித்தே ஜீவிப்பதாக நாம் நினைக்கிற தேன்சிட்டுங்கூடத் தன் குஞ்சுகளுக்குச் சிலந்தியையும் சிறு பூச்சிகளையும் ஊட்டியே வளர்க்கிறது. ஆகையால் பூச்செடிகளை நிறைய வைத்துவிட்டுப் பூச்சிமருந்தும் தெளிப்பவர், விருந்துக்கு அழைத்துவிட்டு அடுப்பை அணைத்தவர் ஆகிறார்.

எலுமிச்சைத் தளிரைச் சற்றே குனிந்து பாருங்கள். காக்கை எச்சம்போல் கறுப்பும் வெளுப்புமாய் ஒட்டியிருப்பது எச்சமன்று, வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு. பறவைகளை ஏமாற்ற அது பூண்டிருக்கும் வேஷம். வளர்ந்து பச்சை நிறம் கொண்டபின் அதைத் துரும்பால் தொட்டால், தலைக்குப் பின்னிருந்து கவைபோன்ற சிறு கொம்பை நீட்டி, நெடி வீசிப் பயமுறுத்தும். இலை ஓட்டையாகிறதே என்று அதை நசுக்குகிறவர்களும், முன்போல் வண்ணத்துப்பூச்சியைக் காணோமே என்று அங்கலாய்க்கிறவர்களும் பெரும்பாலும் ஒருவரே.

எந்தச் செடியை வைப்பது என்ற கேள்விக்கு மலையே விடை வைத்திருக்கிறது. மரம் வெட்டியதாலும் மேய்ச்சலாலும் கோடைதோறும் காய்ந்த புல்லில் பற்றிய தீயாலும் மொட்டையாய்க் கிடந்த அதன் சரிவுகளில், 1980களின் இறுதிமுதல் ஆர்வலர்களும் ஊராரும் தீத்தடுப்புப் பாதை வெட்டி, மழைக்காலங்களில் இந்த வறண்ட மண்ணுக்கு உரிய மரங்களை நட்டு வந்திருக்கிறார்கள். 'தி ஃபாரஸ்ட் வே' என்ற அறக்கட்டளையின் பணி இதில் குறிப்பிடத்தக்கது. கொல்லைக்கும் நொச்சி, வெப்பாலை, ஆவாரை, களா போதும். வேலியோரத்து எருக்கை வெட்டாமல் விட்டால் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி தானாக வந்து முட்டையிடும்.

பாம்பு வராதா என்பார்கள். நியாயமான பயந்தான். சருகுக் குவியல் சுவரை ஒட்டாமல் கொல்லையின் கடைசி மூலையில் இருக்கட்டும், இருட்டில் டார்ச் இல்லாமல் அங்கே போகவேண்டாம். பயத்தோடு கருணைக்கும் இங்கே முன்மாதிரி உண்டு. ரமணாசிரமத்தில், 1948 ஜூன் 18-ஆம் தேதி மறைந்த பசு லட்சுமியின் சமாதியோடு மானுக்கும் காக்கைக்கும் நாய்க்கும் சமாதிகள் உண்டு. அவ்வளவு கருணை நமக்குக் கைகூடாவிட்டாலும், கோடையில் ஒரு வாய் ஜலம் வைப்பது எவருக்கும் சிரமமன்று.

மண்தட்டில் வைத்தால் இவ்வூர்க் குரங்குகள் கவிழ்த்துவிடும். கிரைண்டர் வந்தபின் கிணற்றடியில் சும்மா கிடக்கும் ஆட்டுக்கல்லை அவற்றால் அசைக்க முடியாது. குழவியை எடுத்துவிட்டு, குழியில் பாதிக்குமேல் கூழாங்கற்களை இட்டு, கொசு முட்டை பொரிக்காதபடி தினமும் நீரை மாற்றிவந்தால், பகலில் மைனா குளிக்கும். கல்லின் விளிம்பில் தேனீக்கள் வரிசையாய் அமர்ந்து நீர் குடிக்கும்.