கை மாறும் எஞ்சின்கள் – 11: கேஜ் சொல்லும் எண்

போன வாரம் கியர் எண்ணெய். பால் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது என்று சொன்னேன். மற்றதை மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளலாம். இந்த வாரம் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம். இடம் இருந்தால் விலையும்.

"படகு எஞ்சின் பேசுகிறீரே, சித்தூர்ப் பக்கம் ஏதய்யா கடல்?" என்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பழைய சித்தூர் மாவட்டத்துக்குக் கடல் கிடையாதுதான். 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானபோது, நெல்லூரிலிருந்து சூளூர்பேட்டையும் தடாவும் அதில் சேர்ந்தன. கூடவே பழவேற்காடு ஏரியின் ஆந்திரப் பகுதியும் ஸ்ரீஹரிகோட்டாவும் வந்தன. ஏழுமலையான் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடைத்தது இப்படித்தான். அதற்கு முன்பும் உறவு இல்லாமல் இல்லை. சித்தூர் மலைகளில் பிறக்கும் ஆரணியாறு பிச்சாட்டூர் அணையைக் கடந்து, ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியாக வந்து அந்த ஏரியில்தான் விழுகிறது. ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான்; உள்ளே பலருக்குப் பாயும் கோலும் போதும். அவுட்போர்டைத் தேடுகிறவர்கள் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போகிறவர்கள்.

சரி, கம்ப்ரஷன். எஞ்சினைச் சற்று ஓடவிட்டுச் சூடேற்றுங்கள். எல்லா ஸ்பார்க் ப்ளக்கையும் கழற்றுங்கள். நெருப்புப் பொறி வராதபடி கில் சுவிட்ச் க்ளிப்பை எடுத்துவிடுங்கள். த்ராட்டிலை முழுக்கத் திறந்து, ப்ளக் துளையில் கேஜைத் திருகி, முள் மேலே ஏறுவது நிற்கும்வரை கயிற்றை இழுங்கள். அடுத்த சிலிண்டருக்கும் அதே மாதிரி.

இரண்டு சிலிண்டரும் 98, 100 பவுண்டு காட்டினால் நிம்மதி. ஒன்று 125, மற்றது 95 என்றால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் ரிங்கோ பிஸ்டனோ ஹெட் கேஸ்கெட்டோ போயிருக்கலாம். தனியாக ஓர் எண் பெரிதாக இருப்பதில் பெருமை இல்லை. உள்ளே படிந்த கரிகூட அதை ஏற்றிக் காட்டும்.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத சங்கதி மண்ணெண்ணெய் எஞ்சின். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களே, அதுதான். மண்ணெண்ணெயின் ஆக்டேன் மிகக் குறைவு. அழுத்தம் கூடினால் நேரத்துக்கு முன்பே வெடித்து 'டக் டக்' என்று தட்டும், பிஸ்டன் ஓட்டையாகும். அதனால் தயாரிப்பவர்களே கம்ப்ரஷனைக் குறைத்துத்தான் செய்கிறார்கள். பெட்ரோல் எஞ்சின் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு கேஜைப் பார்க்கிறவர், நல்ல எஞ்சினைச் செத்தது என்று ஒதுக்கிவிடுவார். பல சின்ன நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களிலும் இதே வம்பு. கயிறு இழுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று அழுத்தத்தைக் கசியவிடும் அமைப்பு உள்ளேயே இருக்கும். கேஜ் பாவம், குறைத்துத்தான் காட்டும்.

இனி திருட்டு வேலை. ப்ளக் துளையில் கொஞ்சம் எண்ணெய் விட்டால் தேய்ந்த ரிங்கின் இடுக்கு அடைபட்டு முள் ஏறும். மெக்கானிக் இதை நோய் கண்டுபிடிக்கச் செய்வார்: எண்ணெய் விட்டதும் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வேறு கோளாறு. அதையே சிலர் வாங்குகிறவர் வருவதற்கு முன் செய்து வைக்கிறார்கள். கழற்றிய ப்ளக் நனைந்து எண்ணெய் சொட்டினால் சந்தேகப்படுங்கள். எஞ்சினை நன்றாக ஓடவிட்டு, திரும்ப அளக்கச் சொல்லுங்கள்.

விலை பேச இடம் தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம்தான். அதற்குள் எஞ்சின் விற்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ப்ளக்கை முன்கூட்டியே கழற்றி வைக்காதீர்கள், வாங்குகிறவர் கண்ணெதிரே கழற்றுங்கள்.