நாவலுக்குத் திட்டம் போடும் சாப்ட்வேர்! நிருபரை மடக்கிய ஒரு கட்டம்

உளுந்தூர்பேட்டை,
நாவல் எழுத ஆசைப்படுபவர்கள் கதைக்குத் திட்டம் போட்டுக்கொள்ள கம்ப்யூட்டர் சாப்ட்வேர்கள் வந்திருக்கின்றன. அதில் ஒன்றை நமது நிருபர் 10 நாள் ஓட்டிப் பார்த்தார். அவர் கூறியதாவது:-

விபத்து, திருட்டு, குடிதண்ணீர் மறியல் என்று செய்தி எழுதுவது என் பிழைப்பு. உயிரே போனாலும் பத்து வரிதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த விஷச்சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைப் பலி வாங்கியது. அதுபோல் ஒரு சாவு விழுந்த ஊரை வைத்து, கற்பனை ஆட்களோடு ஒரு நாவல் எழுத வேண்டும் என்று நெடுநாள் ஆசை. நோட்டில் எழுதினேன். நாலாவது அத்தியாயத்தில் யார் எங்கே போனார்கள் என்று எனக்கே தெரியவில்லை!

இலவச சாப்ட்வேர்

இங்கிலாந்தில் உருவாகி 2007-ல் வெளிவந்த 'ஸ்கிரிவனர்' பிரபலமானது. பலகையில் அட்டை குத்துவதுபோல் காட்சிகளை அடுக்கலாம். ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆகவே 'ஒய்ரைட்டர்' என்ற இலவச சாப்ட்வேரை எடுத்தேன். இதை உருவாக்கிய சைமன் ஹேன்ஸ் ஆஸ்திரேலிய நாவலாசிரியர். கம்ப்யூட்டர் புரோகிராமும் தெரிந்தவர்.

இதில் அத்தியாயத்தைக் காட்சி காட்சியாகப் பிரிக்கலாம். முன்னே பின்னே மாற்றலாம். ஆள், இடம், பொருள் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பட்டியல் உண்டு. எத்தனை வார்த்தை எழுதினோம் என்று கணக்கும் காட்டும்.

"என்ன தம்பி, மெஷினே கதை எழுதிக் குடுத்துடுமா?" என்றார் பஸ் நிலைய டீக்கடை அண்ணன்.

"இல்லண்ணே. கட்டம் மட்டும்தான் அது போடும். நிரப்புறது நம்ம வேலை" என்றேன்.

மடக்கிய கட்டம்

அந்தக் கட்டம்தான் என்னை மடக்கியது. ஒவ்வொரு காட்சிக்கும் 'இது யார் பார்வையில்?', 'அவருக்கு என்ன வேண்டும்?', 'குறுக்கே நிற்பது எது?', 'முடிவு என்ன?' என்று நிரப்ப இடம் விட்டிருக்கிறது.

ராத்திரி பகலாக 22 காட்சிகளை நிரப்பினேன். பிறகு வரிசையாகப் பார்த்தால் திடுக்கிட்டேன். 13 காட்சி போலீஸ் ஏட்டு பார்வையில். 9 காட்சி சாராயம் விற்றவன் பார்வையில். செத்தவன் மனைவிக்கு ஒரு காட்சிகூட இல்லை! பல காட்சிகளில் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள், அவ்வளவுதான். நான் எழுதும் செய்தியும் அப்படித்தானே? போலீஸ் சொன்னது, கைதானவன் சொன்னது. வீட்டுக்காரியைப் பற்றி 'கதறி அழுதது பரிதாபமாக இருந்தது' என்று ஒரு வரி!

அவள் பெயருக்கு நேரே 'என்ன வேண்டும்?' என்ற கட்டத்தை நிரப்ப உட்கார்ந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. இத்தனை சாவு வீடுகளுக்குப் போயிருக்கிறேன். ஒரு பெண்ணிடமும் அதை நான் கேட்டதில்லை.

கல்கி 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' எழுதியபோது சாப்ட்வேர் ஏது? பெரிய எழுத்தாளர்களுக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம். என்னைப் போன்றவனுக்கு, விட்டுப்போனது எது என்று காட்ட ஒரு கட்டம் வேண்டியிருக்கிறது.

22 காட்சிகளையும் ஒதுக்கி வைத்துவிட்டேன். முதல் காட்சி இனி அவளுடையது. கட்டம் இன்னும் காலிதான். அடுத்த சாவு வீட்டில் முதல் கேள்வியை ஏட்டிடம் கேட்கப்போவதில்லை.