வேளை தவறிச் சுரக்கும் பால்



மணமாகி நான்கைந்து ஆண்டுகளாகியும் ஒரு பெண்ணுக்குக் குழந்தை இல்லை. மாதவிலக்கும் ஒழுங்காக வருவதில்லை. இந்நிலையில் மார்பில் பால் கசிந்தால் வீட்டாருக்குத் திகில் பிடித்துவிடுகிறது. கண்ணேறு என்பார்கள், செய்வினை என்பார்கள். பெண்ணின் நடத்தையையே ஐயுறுகிறவர்களும் உண்டு. இதற்குப் பெரும்பாலும் காரணமாவது, புரொலாக்டின் என்னும் ஹார்மோன் அளவு மீறிச் சுரப்பதே.

மூக்கின் வேருக்குப் பின்னே, மூளையின் அடியில், பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி அமர்ந்திருக்கிறது. புரொலாக்டின் அங்கிருந்து வருகிறது. 1928-ஆம் ஆண்டில் பிரான்சின் ஸ்திராஸ்பூர்க் நகரில் ஸ்திரிக்கர், குருய்ட்டர் என்ற இருவர் பிட்யூட்டரிச் சாற்றை முயல்களுக்கு ஏற்றிப் பால் சுரக்கச் செய்தனர். புரொலாக்டின் என்ற பெயரை 1933-இல் சூட்டியவர்கள் புறாக்களை ஆராய்ந்த ஆஸ்கார் ரிடிலும் அவர் துணைவர்களும். புறாக்களில் தாய், தந்தை இரண்டுமே தொண்டைப் பையில் ஒருவகைப் பால் சுரந்து குஞ்சுக்கு ஊட்டுகின்றன! ஆண்மக்களின் இரத்தத்திலும் இந்த ஹார்மோன் உண்டு.

பிட்யூட்டரியின் மற்ற ஹார்மோன்களைப் பெரும்பாலும் மூளை தூண்டிவிடுகிறது. புரொலாக்டினையோ, டோப்பமின் என்ற பொருளைக் கொண்டு அடக்கியே வைத்திருக்கிறது. குழந்தை மார்பைச் சப்பும்போது இந்தக் கடிவாளம் தளர்ந்து பால் ஊறுகிறது. கருமுட்டை வெளிப்படுவதும் தடைப்படுகிறது. பாலூட்டும் தாய்க்கு மாதவிலக்கு தாமதமாவது இதனால்தான். பிள்ளை பெறாதவளுக்கும் கடிவாளம் தளர்ந்தால், உடல் பிள்ளை பெற்றுவிட்டதாகவே நடந்துகொள்கிறது.

ஏன் தளர்கிறது? மருந்துகளாலும் தளரும். வாந்தியை நிறுத்தும் மெட்டோகுளோபிரமைடு, டோம்பெரிடோன், மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் ஆகியவை டோப்பமினின் வேலையைத் தடுப்பவை. அதற்காக மனநோய் மருந்தைத் தாமாக நிறுத்திவிடலாகாது. மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். தைராய்டு குறைவும் சிறுநீரகக் கோளாறும் காரணமாகலாம். பிட்யூட்டரியிலேயே ஒரு கட்டி தோன்றுவதும் உண்டு. கட்டி என்றதும் புற்றுநோய் என்று அலற வேண்டாம். இவை ஏறத்தாழ எல்லாமே புற்றல்லாதவை. பெண்களிடம் காணப்படுபவை பெரும்பாலும் 10 மில்லிமீட்டருக்கும் சிறியவை. பெரிதாக வளர்ந்தால் பார்வை நரம்பை அழுத்தும். நேரே இருப்பது தெரியும், பக்கத்தில் வருவது தெரியாது.

ஆண்களிடம் இந்நோய் இல்லற நாட்டக் குறைவாகவும் மலட்டுத்தன்மையாகவும் வெளிப்படும். அவர்கள் வெட்கத்தால் வாய் திறப்பதில்லை. மனைவியை மட்டும் கிளினிக் கிளினிக்காக அனுப்பிவிட்டுத் தாம் வீட்டிலிருக்கும் கணவன்மாரை நாம் என்ன சொல்வது! தலைவலி, பார்வைக் குறைவு என்று அவர்கள் வரும்போது கட்டி வளர்ந்துவிட்டிருக்கும்.

கண்டறிய ஓர் இரத்தப் பரிசோதனை போதும். கருவுறாத பெண்ணுக்குப் பொதுவாக ஒரு மில்லிலிட்டரில் 25 நானோகிராமுக்குள் இருக்கும். மனப் பதற்றமும் அளவைச் சற்று உயர்த்துமாதலால், சிறிதே கூடியிருந்தால் மறுமுறை பார்ப்பார்கள். கருவுற்றிருக்கிறாளா என்பதையும் முதலில் உறுதி செய்வார்கள். தேவையானால் தலையை எம்.ஆர்.ஐ. படம் எடுப்பார்கள்.

டோப்பமினைப் போலவே செயல்படும் மாத்திரைகளே இதற்கு முதல் மருந்து. புரோமோகிரிப்டின் நாள்தோறும் உட்கொள்வது; தலைசுற்றல், குமட்டல் உண்டாகுமாதலால் உணவோடு, இரவில் தொடங்குவது நல்லது. காபெர்கோலின் வாரம் ஓரிரு முறை போதும். கட்டி பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கிவிடும். சிலருக்கே மூக்கின் வழியாக அறுவை தேவைப்படும். மாத்திரை தொடங்கியபின், மாதவிலக்கு திரும்பு முன்னரே கரு தங்கிவிடவும் கூடும். ஆகையால் நாள் தள்ளினால் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். மருந்தை நிறுத்துவதா தொடர்வதா என்பதை அவர் முடிவு செய்வார்.