ஏற்றத்தில் கார் ஏன் திணறுகிறது?

1983-இல் வந்த மாருதி 800-க்கு 796 சிசி எஞ்சினே போதுமாக இருந்தது. காரின் எடை சுமார் 650 கிலோதான். சமதரையில் சீராக ஓடும் காருக்கு எடை பெரிய தொல்லையே இல்லை, வேகம் கூடக்கூட எதிர்க்காற்றுதான் வில்லன். ஏற்றம் வந்தால் கதை வேறு. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் மலைப்பாதையில், ஆட்களோடு 1,300 கிலோ வரும் காரை மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் ஏற்ற, எடையைத் தூக்க மட்டுமே சுமார் 17 குதிரைத்திறன் வேண்டும். முந்த நினைத்தால் இன்னும் கூடுதல்.

அதற்காகச் சிசியை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. டர்போ பூட்டிய 1,000 சிசி எஞ்சின், காற்றை அழுத்தித் திணிப்பதால், டர்போ இல்லாத 1,500 சிசிக்கு ஈடாக இழுக்கும். சின்னக் காருக்குப் பெரிய பெட்ரோல் எஞ்சினும் வீண்தான்: காற்றுவழி பெரும்பாலும் மூடியே கிடக்க, காற்றை உறிஞ்சுவதற்கே எரிபொருள் செலவாகும்.