திறன் காரணி: ஏன் குறைகிறது? எப்படி உயர்த்துவது?

காசிமேட்டு ஐஸ் தொழிற்சாலைகளிலும் திருவொற்றியூர், எண்ணூர் பட்டறைகளிலும் மின்சாரத்தைப் பெரிதும் இழுப்பவை தூண்டல் மோட்டார்கள். மோட்டார் சுழல முதலில் அதனுள் காந்தப்புலம் உருவாக வேண்டும். அதற்கான மின்னோட்டம் வேலை எதுவும் செய்யாமல் கம்பிகளில் போய்வருகிறது. இதனால் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்தங்குகிறது. உண்மையில் வேலை செய்யும் கிலோவாட்டை, இழுக்கப்படும் மொத்த கேவிஏவால் வகுத்தால் கிடைப்பதே திறன் காரணி. பாரம் குறைவாக ஓடும் மோட்டாரில் இது மேலும் சரியும்.

அளப்பது எளிது. மின்னணு மீட்டரில் ஒரு மாதத்துக்கான கிலோவாட்-மணியை கேவிஏ-மணியால் வகுத்தால் சராசரி கிடைக்கும். தமிழ்நாட்டில் உயர் அழுத்த இணைப்புகளில் இது 0.90-க்குக் கீழே இறங்கினால் கட்டணத்துடன் ஈட்டுத்தொகையும் சேரும்.

உயர்த்தும் வழி கெபாசிட்டர். மோட்டார் கேட்கும் காந்த மின்னோட்டத்தை அது அருகிலிருந்தே தருகிறது. 100 கிலோவாட் பாரத்தின் திறன் காரணி 0.75 எனில் 133 கேவிஏ தேவை, 0.95 ஆக்கினால் 105 போதும். இதற்குச் சுமார் 55 கேவிஏஆர் கெபாசிட்டர் வேண்டும். 415 வோல்ட்டில் மின்னோட்டம் 185 ஆம்பியரிலிருந்து 146-ஆகக் குறையும். அதே கேபிளில் வெப்ப இழப்பு 38 சதவீதம் குறையும்.

பாரம் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில், தேவைக்கேற்பக் கெபாசிட்டர்களை இணைத்துத் துண்டிக்கும் தானியங்கிப் பலகை பொருத்தப்படுகிறது. தேவைக்கு மிஞ்சிய கெபாசிட்டர் மின்னழுத்தத்தை ஏற்றிவிடும். வேகக்கட்டுப்பாட்டு டிரைவ்கள் உள்ள ஆலைகளில் ஹார்மோனிக் அலைகள் கெபாசிட்டரைச் சுடவைக்கும் என்பதால் ரியாக்டரும் சேர்க்கப்பட வேண்டும். இணைப்பைத் துண்டித்த பிறகும் கெபாசிட்டரில் மின்னூட்டம் தங்கும். அதை முழுதும் இறக்காமல் தொடக்கூடாது.