நெடுவழியும் நிதானமும்

திருப்பதி மலையடிவாரத்தில் உள்ளது அலிபிரி. விடியற்காலையில் அங்கே சென்று நின்றால் ஒரு காட்சியைக் காணலாம். சித்தூர், வேலூர், சென்னை எனப் பல ஊர்களிலிருந்து வந்த குடும்பங்கள் படியேறத் தொடங்கும். சிறுவர்கள் இரண்டிரண்டு படிகளாகத் தாவி முன்னே ஓடுவார்கள். பாட்டி ஒவ்வொரு படியாகக் கால் ஊன்றி ஏறுவார். சில நூறு படிகள் கடந்ததும் சிறுவர்கள் மூச்சிரைக்க ஓரமாக அமர்ந்திருப்பார்கள். பாட்டியோ நிற்காமல் அவர்களைக் கடந்து செல்வார். பாட்டியின் கால்கள் சிறுவர்களின் கால்களைவிட வலியவை அல்ல. ஆயினும் அவர் முந்துவது எவ்வாறு? நெடுந்தொலைவு ஓடும் மாரத்தான் வீரர்கள் கற்றுக்கொள்ளும் முதற்பாடமும் இவ்வினாவிற்கான விடையே ஆகும்.

வழியை அறிதல்

அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் நடைபாதை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளமுடையது. அதில் 3,550 படிகள் உள்ளன. ஆனால், அவை வழி நெடுகிலும் ஒரே சீராக அமைந்தவை அல்ல. பாதிக்கும் மேற்பட்ட படிகள், காலி கோபுரத்தை அடைவதற்கு முன்னரே வந்துவிடுகின்றன. தெலுங்கில் ‘காலி’ என்றால் காற்று என்பது பொருள். அக்கோபுரத்தைக் கடந்தபின் பாதை பெரிதும் சமமாகச் செல்லும். மான் பூங்காவும் மரநிழலும் வரும். ஏறுபவர், ‘இனிக் கடினம் இல்லை’ என்று எண்ணுவார். அவ்வாறு எண்ணியிருக்கும் வேளையில், திருமலையை நெருங்கும் இடத்தில், ‘மோகாலு மெட்டு’ எனப்படும் செங்குத்தான ஏற்றம் எதிர்ப்படும். ‘மோகாலு’ என்பது முழங்கால். ‘மெட்டு’ என்பது படி. முழங்காலைச் சோதிக்கும் அவ்வேற்றத்திற்குப் பொருத்தமான பெயர்தான்! தொடக்கத்திலேயே வலிமையைச் செலவழித்தவர்கள் இங்கே தளர்ந்து அமர்ந்துவிடுகின்றனர்.

சந்திரகிரிக்கு அருகிலிருந்து செல்லும் ஸ்ரீவாரி மெட்டுப் பாதையின் நீளம் ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர்தான். படிகள் 2,388. தொலைவை மட்டும் கேட்பவர் இதனை எளிய வழி என்று கருதுவார். இரண்டு பாதைகளும் ஒரே மலைமேல்தான் கொண்டு சேர்க்கின்றன. குறைந்த தொலைவில் அவ்வளவு உயரமும் ஏறவேண்டியிருப்பதால், இங்கே தொடக்கம் முதலே மூச்சு வாங்கும். எனவே, ஒரு வழி எவ்வளவு நீளம் என்று அறிவது மட்டும் போதாது. ஏற்றம் எங்கே வருகிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

பெருநகர மாரத்தான்களுக்கும் இது பொருந்தும். மும்பை மாரத்தான் 2004ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பல ஆண்டுகளாக ஓடப்பட்டுவந்த அதன் வழித்தடத்தில், பெடார் சாலை மேட்டை வீரர்கள் இருமுறை கடந்தனர். போகும்போது கால்கள் புத்துணர்வோடு இருக்கும். மேடு இருப்பதே தெரியாது. திரும்பி வரும்போதோ முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் களைத்திருப்பர். அதே மேடு மலையாகத் தோன்றும். அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தான் இறக்கத்தில் தொடங்குகிறது. இறக்கம் ஓடுபவரை விரைவாக ஓடத் தூண்டும். ஆனால், 30 கிலோமீட்டரைத் தாண்டியபின் ‘நெஞ்சை உடைக்கும் குன்று’ என்று பெயர்பெற்ற மேடு அங்கே காத்திருக்கும்.

உடலின் கையிருப்பு

மாரத்தான் ஓட்டத்தின் தொலைவு 42.195 கிலோமீட்டர். சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே சாலை வழியாக ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அதில் ஐந்தில் மூன்று பங்கை ஓடியே கடப்பதாக எண்ணினால் இத்தொலைவின் அருமை விளங்கும்.

உண்ணும் சோற்றிலும் இட்லியிலும் உள்ள மாவுச்சத்து, கிளைக்கோஜன் என்னும் பொருளாக மாறித் தசைகளிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படுகிறது. ஓடும்போது உடல் இதனையும் கொழுப்பையும் எரித்து ஆற்றல் பெறுகிறது. கொழுப்பின் சேமிப்பு மிகுதி. ஆனால், அது மெதுவாகவே ஆற்றல் தரும். கிளைக்கோஜன் விரைவாக ஆற்றல் தரும். ஆனால், அதன் சேமிப்பு குறைவு. வேகம் கூடக்கூடக் கிளைக்கோஜன் செலவாகும் பங்கும் கூடுகிறது. தொடக்கத்தில் விரைந்து ஓடுபவர் இச்சேமிப்பை முன்கூட்டியே தீர்த்துவிடுகிறார். பெரும்பாலும் 30 கிலோமீட்டருக்குப் பிறகு அவருடைய கால்கள் திடீரெனக் கனத்துப்போகின்றன. இந்நிலையை ஓட்டக்காரர்கள் ‘சுவரில் மோதுதல்’ என்பர்.

ஓர் எளிய கணக்கு இதனைத் தெளிவாக்கும். ஒருவர் ஒரு கிலோமீட்டருக்கு 7 நிமிடம் வீதம் ஒரே சீராக ஓடினால், மாரத்தானை ஏறத்தாழ 4 மணி 55 நிமிடத்தில் முடிப்பார். அவரே முதல் 10 கிலோமீட்டரை 6 நிமிடம் வீதம் ஓடினால் 10 நிமிடங்களை மிச்சப்படுத்துவார். அந்த அவசரத்தின் விளைவாக, 30 கிலோமீட்டருக்குப் பின் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 9 நிமிடம் ஆனால், எஞ்சிய 12 கிலோமீட்டரில் 24 நிமிடங்களை இழப்பார். மிச்சம் பிடித்தது பத்து; இழந்தது இருபத்து நான்கு!

இரண்டு ஓட்டங்கள்

1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் போட்டியில்தான் மாரத்தான் முதன்முதலாக 42.195 கிலோமீட்டர் தொலைவிற்கு ஓடப்பட்டது. அத்தொலைவே 1921இல் நிலையான அளவாக்கப்பட்டது. அன்று வெயில் கடுமையாக இருந்தது. இத்தாலி வீரர் டொராண்டோ பியட்ரி, பாதி வழிக்குப் பின் வேகத்தைக் கூட்டி, முன்னே ஓடியவரை முந்தி, முதல் ஆளாக அரங்கினுள் நுழைந்தார். ஆனால், அவருடைய வலிமை முழுவதும் தீர்ந்துபோயிருந்தது. திசை தவறி ஓடினார். பலமுறை கீழே விழுந்தார். நடுவர்கள் தூக்கிவிட, எல்லைக்கோட்டைக் கடந்தார். பிறர் உதவியைப் பெற்றதால் அவருடைய வெற்றி செல்லாது என அறிவிக்கப்பட்டது. நிதானமாகத் தொடங்கி ஓடிவந்த அமெரிக்கர் ஜானி ஹேய்ஸ் தங்கப்பதக்கம் பெற்றார்.

2023ஆம் ஆண்டு சிகாகோ நகரில் கென்ய வீரர் கெல்வின் கிப்டம் 2 மணி 35 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். முதற்பாதிக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் 60 நிமிடம் 48 விநாடி. இரண்டாம் பாதிக்கு 59 நிமிடம் 47 விநாடி. அதாவது, களைத்திருக்க வேண்டிய இரண்டாம் பாதியையே அவர் விரைவாக ஓடினார். முதற்பாதியில் அவர் தம் வலிமையைத் தீர்த்துவிடாமல் காத்துக்கொண்டதே இதற்குக் காரணம்.

ஆயத்தம்

பெரும்பாலான முழு மாரத்தான்களில் 18 வயது நிறைந்தோரே பங்கேற்க இயலும். வளரும் எலும்புகளையும் மூட்டுகளையும் காப்பதற்காகவே இவ்விதி. சிறுவர்கள் குறுந்தொலைவு ஓட்டங்களில் தொடங்கலாம். எத்தொலைவாயினும் ஆயத்தமாகும் முறை ஒன்றே.

தொலைவை வாரந்தோறும் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். வாரத்தில் ஒருநாள் மட்டும் நீண்ட ஓட்டம் போதும். ஓய்வு நாளும் பயிற்சியின் ஒரு பகுதியே. தசைகள் வலுப்பெறுவது ஓய்வின்போதுதான். போட்டிக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் பயிற்சியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். போட்டி நாளில் புதிய காலணியும் கூடாது; பழக்கமில்லாத உணவும் கூடாது.

திருப்பதி, சித்தூர்ப் பகுதிகளில் கோடை வெயில் 40 பாகை செல்சியசைத் தாண்டுவதுண்டு. ஆகவே, அதிகாலையிலேயே பயிற்சியை முடித்துக்கொள்வது நலம். நீரை அவ்வப்போது சிறிது சிறிதாகப் பருக வேண்டும். அளவுக்கு மீறிக் குடித்தால் குருதியிலுள்ள உப்பின் அளவு குறைந்து தீங்கு நேரும். தலைசுற்றலோ மூட்டுவலியோ தோன்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும். நிறுத்துவது தோல்வி ஆகாது.

சரியான வேகத்தை அறியக் கருவி ஏதும் தேவையில்லை. உடன் வருபவரோடு ஒரு முழு வாக்கியத்தை மூச்சு முட்டாமல் பேச முடிந்தால், அந்த வேகமே நெடுவழிக்கு ஏற்ற வேகம். மலைப்பாதையில் ‘கோவிந்தா’ என்று வாய்விட்டு அழைத்துக்கொண்டே ஏறுபவர்கள், தம்மை அறியாமலேயே இச்சோதனையைச் செய்துகொள்கின்றனர்.

பாட்டி மூச்சு முட்டாத வேகத்தில் தொடங்கினார். கடைசி ஏற்றம் எங்கே வரும் என்பது, முன்பு பலமுறை ஏறிய அவருக்குத் தெரியும். அதனால் அதற்கு வேண்டிய வலிமையை மிச்சம் வைத்திருந்தார். மோகாலு மெட்டில் அமர்ந்துவிட்ட பேரனுக்குக் கை கொடுக்கவும் அவரிடம் வலிமை எஞ்சியிருந்தது.

சொற்பொருள்

ஆயத்தம் – முன்னேற்பாடு
குருதி – இரத்தம்
நிதானம் – பதற்றமின்மை
வழித்தடம் – செல்லும் பாதை

பயிற்சி

1. ஸ்ரீவாரி மெட்டுப் பாதை குறுகியதாயினும் கடினமானது ஏன்?
2. ‘சுவரில் மோதுதல்’ என்பதை உன் சொந்த நடையில் விளக்குக.
3. பியட்ரி, கிப்டம் இருவரின் ஓட்டங்களையும் ஒப்பிட்டு ஐந்து தொடர்கள் எழுதுக.
4. உன் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில் மேடு, பள்ளம், நிழல் ஆகியவை எங்கெங்கே உள்ளன? ஒரு பத்தியில் எழுதுக.