கொல்லங்கோட்டுக் குடிநீர்

நெல்லியாம்பதி மலையடிவாரத்தில் உள்ளது கொல்லங்கோடு. இவ்வூரைச் சூழ்ந்த பாலக்காட்டின் கிழக்குப் பகுதியில், ஆழ்குழாய்க் கிணற்று நீர் தெளிவாக இருப்பினும் சிலவிடங்களில் புளோரைடு மிகுந்துள்ளது. பாறைக் கனிமங்கள் நிலத்தடி நீரில் கரைவதே இதற்குக் காரணம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட புளோரைடு, வளரும் குழந்தைகளின் பற்களில் கறையை உண்டாக்கும். அளவு மிகுந்து பல்லாண்டுகள் பருகினால் எலும்புகளும் கெடும்.

காயத்ரிப்புழையின் மீன்கரை போன்ற நீர்த்தேக்கங்களில் சேரும் மழைநீரில் புளோரைடு பொதுவாகக் குறைவு. ஆயினும் அதில் கலங்கலும் நோய்க்கிருமிகளும் இருக்கக்கூடும். ஆதலின் அதனை வடிகட்டிக் குளோரின் சேர்த்தே குழாய்களில் விடுதல் வேண்டும். 2012-ஆம் ஆண்டின் இந்தியத் தர விதிப்படி, குளோரின் சேர்த்த நீர் வீட்டுக் குழாயை அடைகையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் குளோரின் எஞ்சியிருத்தல் வேண்டும்.

காய்ச்சினால் கிருமிகள் மடியும், புளோரைடு நீங்காது. எனவே இருவகை நீரையும் உரிய காலங்களில் ஆய்வுக்கூடத்தில் சோதித்தறிதல் இன்றியமையாதது.